மூணு கலர் பனியன்: வீட்டு மாடியில் ஸ்கிரீன் பிரிண்டிங்

ஒரு கலர் பிரிண்டிங்கை ஆர்வமுள்ள யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொண்டுவிடலாம். படம் விழ வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும் வலைத்துணிச் சட்டம்தான் ஸ்கிரீன். அதைப் பனியன்மேல் வைத்து, கலர் பேஸ்ட்டை ஊற்றி, ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையால் இழுத்தால் படம் விழுந்துவிடும். அரை அங்குலம் தள்ளி விழுந்தாலும் கேட்பாரில்லை. சிக்கல் தொடங்குவது இரண்டாவது கலரில்தான். அது முதல் கலரை ஒட்டி, நடுவில் வெள்ளை தெரியாமல் உட்கார வேண்டும். ஒரு பனியனில் உட்கார்ந்தால் போதாது, இருபது பனியனிலும் உட்கார வேண்டும். பல கலர் என்றதும் எல்லோரும் கலர் கலப்பதைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். கலர் கலக்க அரை நாளில் பழகிவிடலாம். இடம் பிடிப்பதுதான் தொழில்.

நான் இருப்பது திருப்பூரில். பிரிண்டிங் பட்டறைக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் வீட்டில் எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். பட்டறைக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கில் பீஸ் ஓட வேண்டும். கபடி டீமுக்குப் பதினைந்து, கோயில் நோன்பிக்கு இருபது என்று போய் நின்றால், ஸ்கிரீன் போடும் செலவும் செட்டிங் நேரமுமே கட்டாது என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அந்தச் சின்ன ஆர்டர்களை நம்பித்தான் மொட்டை மாடி ஷீட் கொட்டகையில் நான் ஆரம்பித்தேன்.

பட்டறைகளில் எப்படி அடிக்கிறார்கள் என்பதை ஒருமுறை நின்று பார்த்துவிடுவது நல்லது. நீளமான மேஜை, அதன்மேல் கம் தடவி வரிசையாக ஒட்டிய கட் பீஸ்கள். எங்கள் ஊரில் பெரும்பாலும் தைப்பதற்கு முன்பே, வெட்டிய துணியாக இருக்கும்போதே பிரிண்ட் போட்டுவிடுவார்கள். இரண்டு பேர் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பீஸாக அடித்துக்கொண்டே மேஜையின் மறுமுனை வரை போவார்கள். திரும்பி வருவதற்குள் முதல் பீஸ் காய்ந்திருக்கும். அடுத்த கலர் ஸ்கிரீனை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து நடை. மேஜை ஓரத்துக் கம்பியில் பீஸுக்கு ஒன்றாக ஒரு தடுப்பு இருக்கும். ஸ்கிரீன் சட்டத்தில் உள்ள போல்ட் அதில் போய் முட்டி நிற்கும். மேஜை பிரிண்டிங்கின் சூட்சுமம் அவ்வளவுதான். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் பாடமும் இதுவே: "பனியன் பலகைய விட்டு எந்திரிச்சுட்டா அப்புறம் சேராதுங்க தம்பி. ஸ்கிரீன்தான் நடக்கோணும், பனியன் நடக்கக் கூடாது."

வீடியோக்களில் நாம் பார்க்கும் ராட்டினம் மாதிரி சுற்றும் மெஷினிலும் இதே கொள்கைதான். அமெரிக்காவில் மைக்கேல் வாசிலன்டோன் என்பவர் அப்படிச் சுற்றும் மெஷினுக்கு 1969இல் காப்புரிமை பெற்றார். அங்கே பலகையும் ஸ்கிரீனும் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆனால் கடைசிக் கலர் விழும்வரை பனியன் அதன் பலகையை விட்டு அசைவதில்லை.

வீட்டில் நீள மேஜைக்கு இடமில்லை, சுற்றும் மெஷினுக்குப் பணமில்லை. அதனால் பனியனுக்கு ஒரு பலகை என்று வைத்துக்கொண்டேன். 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், மேலே கம் துடைக்க வசதியாக சன்மைக்கா. பலகை பனியனை விடச் சற்று நீளம். தலைப்பக்கம் ஐந்து அங்குல அகலத்துக்குக் குறுக்கியிருப்பதால், பனியனை மாட்டியதும் கழுத்து வழியாக ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மறுமுனை கீழே மடிப்புக்கு வெளியே தெரியும். இந்த இரண்டு முனைகளிலும் துளை. கழுத்துப்பக்கத் துளை வட்டமாக, போல்ட் ஆட்டமில்லாமல் நுழையும் அளவுக்கு. கீழ்ப்பக்கத் துளை நீளவாக்கில் கொஞ்சம் இழுத்துவிட்டது. அடிமேஜையில் இரண்டு போல்ட்டுகள் நிரந்தரமாக நிற்கும். பலகையைக் கொண்டுபோய் அவற்றில் செருகினால் டக்கென்று உட்கார்ந்துவிடும்.

ஒரு துளை ஏன் நீளமாக இருக்க வேண்டும்? இரண்டும் வட்டமாக இருந்தால், ஐப்பசி மழையில் ப்ளைவுட் கொஞ்சம் உப்பினாலும் பலகை போல்ட்டில் இறங்காது. வட்டத் துளை இடத்தைப் பிடிக்கிறது, நீளத் துளை பலகை திரும்பாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. நடுவில் தாங்குவதற்கு ஒரு கட்டை வேண்டும், இல்லாவிட்டால் ஸ்குவீஜி அழுத்தத்தில் பலகை வளையும். போல்ட் தலை பலகை மட்டத்துக்கு மேல் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒருநாள் ஸ்கிரீன் கிழியும்.

பலகைகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்று தச்சரைப் போட்டு வாட்ட வேண்டாம். ஒரு பலகையில் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால், அந்தப் பனியனில் மூன்று கலரும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழும். அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு முறையும் அதே மாதிரி உட்கார்ந்தால் போதும், அடுத்த பலகையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஸ்கிரீனை மாட்ட மேஜையின் பக்கவாட்டில், கீல் மாதிரி தூக்கி இறக்க வசதியான ஹிஞ்ச் கிளாம்ப் ஒரு ஜோடி. கதவுக்குப் போடும் சாதாரணக் கீலில் ஒரு சின்ன ஆட்டம் இருக்கும். கதவுக்கு அது பரவாயில்லை, நமக்கு ஆகாது. ஸ்கிரீனை இறக்கிய பிறகு சட்டத்தின் முன்முனையை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். துளி அசைந்தாலும் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

சரி, இனி டிசைன். பிழையை மன்னிக்கும் டிசைன், மன்னிக்காத டிசைன் என்று இரண்டு ரகம் உண்டு. நான் முதலில் அடித்த மூணு கலர் படம் ஒரு காங்கேயம் காளை. பின்னால் சிவப்பு வட்டச் சூரியன், காளையின் உடம்பு சாம்பல், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புக் கோடு. சிவப்பில் காளை நிற்கும் இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே சாம்பலை வைக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் விளிம்பில் துல்லியமாக முட்டும்படி வரைந்தால், எவ்வளவு நல்ல செட்டிங்கானாலும் எங்காவது ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். அதனால் சாம்பலை அரை மில்லிமீட்டர் வெளியே வீங்க வைத்து, சிவப்பின்மேல் ஏறும்படி விட்டேன். அந்தச் சந்திப்பின்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் கறுப்புக் கோடு ஓடுகிறது. பட்டறைகளில் கறுப்பைக் கடைசியில் வைப்பது சும்மா இல்லை. முன்னால் நடந்த பாவத்தையெல்லாம் அது மூடிவிடும். வெளிர் கலர் முதலில், அடர் கலர் கடைசியில் என்பது பொது வழக்கம். கறுப்புக் கோடே இல்லாமல் கலரும் கலரும் நேருக்கு நேர் முட்டும் டிசைனை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம்.

கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் மூன்று கலரையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுக் கறுப்பாக்கி, ஒவ்வொரு படத்தின் நாலு பக்கமும் ஒரே இடத்தில் கூட்டல் குறி போட்டுக்கொள்ள வேண்டும். டிடிபி கடைக்குக் கொடுப்பதற்கு முன் தமிழ் எழுத்துகளை கர்வ் ஆக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாமல் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போய் நிற்கும். தமிழ் எழுத்தில் இன்னொரு வில்லங்கம் மெய்யெழுத்துப் புள்ளி. சின்ன எழுத்தில் புள்ளி ஸ்கிரீனில் திறக்காமல் அடைத்துக்கொண்டால் "வீரர்கள்" என்பது "வீரரகள" என்று பனியனில் வந்து நிற்கும். புள்ளியை மட்டும் தனியாகக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவது என் பழக்கம். ண, ஞ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் இடைவெளியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படங்களைக் கண்ணாடி மாதிரி ஷீட்டில் கறுப்பாக எடுப்பதுதான் ஃபிலிம். மூன்று ஃபிலிமையும் ஒரே கடையில், ஒரே பிரிண்டரில், ஒரே நேரத்தில், தாள் ஒரே திசையில் போகும்படி எடுங்கள். லேசர் பிரிண்டரின் சூட்டில் ஃபிலிம் லேசாகச் சுருங்கும். மூன்றும் ஒரே அளவு சுருங்கினால் தப்பித்தோம். இன்று இரண்டு, நாளை வேறு இடத்தில் ஒன்று என்று எடுத்தால், ஒரு மூலையில் சேரும் படம் எதிர் மூலையில் சேராது. வாங்கியவுடன் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நாலு கூட்டல் குறிகளும் சேர்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள்.

ஸ்கிரீனுக்கு அலுமினிய சட்டம்தான். மரச் சட்டம் மலிவு, ஆனால் தண்ணீரில் நனைந்து காய்ந்து முறுக்கிக்கொள்ளும். ஒரு கலருக்கு ஓடும், மூன்று கலருக்கு ஓடாது. சட்டத்தில் கட்டும் வலைத்துணி, பெரிய பரப்பு அடிக்க சென்டிமீட்டருக்கு 43 இழை, மெல்லிய கோட்டுக்கு 61 அல்லது 77. மூன்று ஸ்கிரீனும் ஒரே விறைப்பில் இருப்பது முக்கியம். தொய்ந்த ஸ்கிரீனில் ஸ்குவீஜி படத்தையே இழுத்துக்கொண்டு போகும். சுண்டினால் மேளத்தோல் மாதிரி சத்தம் வர வேண்டும்.

ஸ்கிரீனில் பூசும் கலவைதான் எமல்ஷன். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும், ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் கழுவும்போது திறக்கும். அதில் ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் இன்னும் பைக்ரோமேட் உப்பைக் கரைத்து ஊற்றும் பழைய வகை ஓடுகிறது. அதிலுள்ள குரோமியம் தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய் வரவழைக்கும் ரகம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதற்கு இடமில்லை. டயசோ வகையோ, கலக்காமல் அப்படியே பூசும் ஃபோட்டோபாலிமர் வகையோ வாங்குங்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் பல்பு போட்ட குளியலறைதான் இருட்டறை. பூசிய ஸ்கிரீனைப் படுக்கவைத்து, இருட்டில், மின்விசிறிக் காற்றில் முழுக்கக் காயவிட வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமல்ல. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க விட்டாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஈரம் இருந்தால் வெளிச்சம் காட்டிக் கழுவும்போது எமல்ஷன் தோல் தோலாக உரிந்து வரும்.

வெளிச்சத்துக்கு உச்சிவெயிலையே பயன்படுத்துபவர்கள் உண்டு. வெயிலில் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஒரு மேகம் கடந்தாலே கணக்கு மாறும். மூன்று ஸ்கிரீனும் ஒரே மாதிரி வேண்டுமென்றால் யுவி எல்இடி விளக்குதான் நம்பகம். எவ்வளவு நேரம் என்று யாரிடமும் கேட்காதீர்கள், அவர்கள் விளக்கு வேறு, உயரம் வேறு, எமல்ஷன் வேறு. ஒரு ஸ்கிரீனில் கோடுகள் உள்ள ஃபிலிமை வைத்து, அட்டையால் மூடி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு அங்குலம் நகர்த்திக்கொண்டே போங்கள். கழுவிப் பார்த்தால் எந்தப் பட்டையில் மெல்லிய கோடும் திறந்து, மற்ற இடமும் கெட்டியாக நிற்கிறதோ அதுவே உங்கள் நேரம். ஃபிலிம் எமல்ஷனோடு ஒட்டிக் கிடக்க மேலே கனமான கண்ணாடி வேண்டும். ஸ்குவீஜி இழுக்கும் பக்கமிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரிய வேண்டும் என்பதையும் விளக்கைப் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவுவதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு பக்கமும் நனைத்து ஒரு நிமிடம் ஊறவிட்டு, கழிப்பறையில் இருக்கும் ஹெல்த் ஃபாசெட்டைத் திறந்தால் படம் அழகாகத் திறக்கும்.

பிரிண்ட் போடும் நாளில் முதல் வேலை கம். பின்னல் துணி இழுத்தால் நீளும். பலகையில் கம் மெல்லிசாக, ஒரே சீராக இருந்தால்தான் துணி அசையாது. பனியனை இழுத்து விறைப்பாக ஒட்டாதீர்கள். கலர் விழும்போது நன்றாகத்தான் இருக்கும், பலகையிலிருந்து எடுத்ததும் துணி சுருங்கி வட்டச் சூரியன் முட்டையாகிவிடும். சும்மா விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டால் போதும். பழகுவதற்கு எங்கள் ஊர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ், அதாவது சின்னக் குறையுள்ள பனியன்களை வாங்கிக்கொள்வேன். வெள்ளை, முழுக் காட்டன், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சுற்றி இருந்தால் நல்லது.

பேஸ்ட்டில் நிறம் தரும் பிக்மென்ட்டையும், அதைத் துணியில் நிற்கவைக்கும் ஃபிக்ஸரையும் கடைக்காரர் சொல்லும் அளவில், தராசில் வைத்துக் கலக்குங்கள். குத்துமதிப்பாகக் கலக்கினால் அதே சாம்பல் நிறம் அடுத்த முறை வராது. ஃபிக்ஸர் சேர்த்த பேஸ்ட் அன்றைக்கு மட்டும். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். சட்டத்தின் மூலைகளுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயங்களை டேப் போட்டு ஒட்டினால் கிட்டத்தட்ட அந்த உயரம் கிடைக்கும். ஸ்குவீஜி கடந்தவுடன் துணியை விட்டு ஸ்கிரீன் தானாக விடுபட வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு கசியும்.

முதல் கலரை எல்லாப் பலகைகளிலும் அடித்துவிட்டு, இரண்டாவது ஸ்கிரீனைக் கிளாம்ப்பில் மாட்டும்போதுதான் நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் கலர் காய்ந்த ஒரு பலகையைப் போல்ட்டில் உட்காரவைத்து, மேலே கண்ணாடி மாதிரி தெரியும் ஒரு ஓஎச்பி பிளாஸ்டிக் ஷீட்டை ஒரு பக்கம் மட்டும் டேப் போட்டு ஒட்டுங்கள். புது ஸ்கிரீனைக் கண்ணால் பார்த்து ஓரளவு சரியாக மாட்டி, அந்த ஷீட்டின் மேலேயே அடியுங்கள். ஷீட் வழியாகக் கீழே முதல் கலர் தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, ஸ்கிரீனை நகர்த்தி, ஷீட்டைத் துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். சேர்ந்ததும் கிளாம்ப்பை இறுக்குங்கள். இறுக்கும்போதே ஸ்கிரீன் கொஞ்சம் நகரும் என்பதால், இறுக்கிய பிறகு ஷீட்டில் இன்னொரு முறை அடித்துப் பாருங்கள். இப்படிச் செய்தால் ஒரு பனியன்கூட வீணாகாது.

முதல் கலர் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகே அடுத்தது. ஈரம் இருந்தால் அடுத்த ஸ்கிரீனின் அடிப்பக்கம் அதை ஒட்டி எடுத்து, அடுத்த பனியனில் முத்திரை குத்திவிடும். இரண்டு மூன்று பனியனுக்கு ஒருமுறை ஸ்கிரீனைத் தூக்கி அடியில் பார்த்து, ஈரத் துணியால் ஒற்றிவிடலாம். ஒரே ஆள், ஒரே கோணம், ஒரே அழுத்தம். பாதியில் தம்பியிடம் ஸ்குவீஜியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அவர் அடித்த பனியன்கள் தனியாகத் தெரியும்.

எங்கள் ஊர் சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை. தண்ணீர் பேஸ்ட் ஸ்கிரீன் கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை அடித்த பிறகும் ஸ்கிரீனைத் தூக்கி, அழுத்தாமல் பேஸ்ட்டை அதன்மேல் ஒரு போர்வையாகப் பரப்பி வைத்தால் கண்ணு காயாது. மின்விசிறியைப் பலகைகள் பக்கம் திருப்புங்கள், ஸ்கிரீன் பக்கம் வேண்டாம். கோடையில் நான் விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்வேன்.

காய்ந்ததும் வேலை முடிந்தது என்று பனியனைக் கொடுத்துவிடக் கூடாது. சூடு காட்டினால்தான் பேஸ்ட்டில் உள்ள பைண்டர் என்ற பசை துணியோடு பிடித்துக்கொள்ளும். 150 டிகிரி அளவில் சில நிமிடங்கள் தேவை. வீட்டில் அயர்ன் பாக்ஸ் போதும்: பட்டர் பேப்பரை மேலே வைத்து, ஆவி இல்லாமல், ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு நிமிடம் நகர்த்திக்கொண்டே தேய்க்க வேண்டும். இருபது பனியனுக்கு இது முதுகை ஒடிக்கும் வேலை. மெஷின் ஏதாவது வாங்குவதாக இருந்தால் முதலில் ஹீட் பிரஸ்ஸைத்தான் வாங்க வேண்டும் என்பேன். சமையல் ஓவனை இதற்குத் தொடாதீர்கள். ஒவ்வொரு புது பேஸ்ட்டிலும் ஒரு பனியனை இரண்டு நாள் விட்டு, வாஷிங் மெஷினில் நாலைந்து தடவை துவைத்துப் பார்த்த பிறகுதான் ஆர்டரைக் கொடுப்பேன்.

கழிவுத் தண்ணீரைப் பற்றி திருப்பூர்க்காரன் பேசாமல் இருக்க முடியாது. சாயக் கழிவில் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது இந்த ஊர் பட்ட பாடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டு வேலையில் அளவு சின்னதுதான். இருந்தாலும் ஸ்கிரீனில் மிஞ்சும் பேஸ்ட்டை அட்டைத் துண்டால் வழித்து டப்பாவில் போட்டுவிட்டுத்தான் கழுவ வேண்டும். பழைய துணியால் துடைத்தெடுத்தால் சாக்கடைக்குப் போவது பாதிகூட இருக்காது.

கறுப்புப் பனியன் கேட்டு நிறையப் பேர் வருவார்கள். அதில் முதலில் வெள்ளை அடித்தளம் போட்டு, உலர்த்தி, அதன்மேல் கலர்களை ஏற்ற வேண்டும். அந்த வெள்ளையை மேலே வரும் கலரை விட மயிரிழை அளவு உள்ளே சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஆக, மூணு கலர் டிசைன் நாலு ஸ்கிரீனாகிவிடும். வெள்ளைப் பனியனில் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். துணியின் சாயத்தையே எடுத்துவிடும் டிஸ்சார்ஜ் பேஸ்ட் அழகான வேலைதான், ஆனால் சூடு காட்டும்போது ஃபார்மால்டிஹைடு கிளம்பும். வீட்டுக்குள் வேண்டாம். சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எழுத்து கேட்டால் அதையும் தட்டிக்கழித்துவிடுங்கள். சூட்டில் துணிச் சாயம் ஏறி வெள்ளை ரோஸ் ஆகிவிடும்.

விலை சொல்லும்போது ஸ்கிரீன் காசைத் தனியாகவும் பீஸ் காசைத் தனியாகவும் எழுதிக் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னால், பத்து பீஸ் ஆர்டர் கொடுத்தவர் அடுத்த வாரம் வந்து "அதே ரேட்டில் இன்னும் ரெண்டு" என்பார். ஐந்து பனியன், அதுவும் போட்டோ மாதிரி படம் என்றால் படத்தை ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு ஏற்றும் டிடிஎஃப் கடைக்கு நானே அனுப்பிவைக்கிறேன். அங்கே ஸ்கிரீன் செலவே கிடையாது. நூறுக்கு மேல் போனால் பட்டறைதான் மலிவு. பதினைந்திலிருந்து ஐம்பது வரை, இரண்டு மூன்று கலர், கறுப்புக் கோடு போட்ட படம்: நான் மாடியில் எடுத்துச் செய்வது அந்த ஆர்டர்களை மட்டும்தான்.